அடிக்கும் முன் அவள் சொன்னது

என் பெயர் தோரிகா நம்போ. வயது முப்பத்தெட்டு. காலஞ்சென்ற வாமே என்பவரின் மனைவி. சிங்கடோகா ஆற்றின் மேற்குக் கரையில் நசாலு கிராமத்தில், என் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். சந்தையில் மரவள்ளியும் சேப்பங்கிழங்கும் விற்பது தொழில். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவள். பைபிள் மீது கை வைத்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். தூண்டிப் பார்த்தவர்கள் இரண்டு பேர் உண்டு, அவர்களைப் பற்றி அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இந்த வழக்கில் காயம்பட்டவர் என் உடன்பிறந்த அண்ணன். அவர் பெயரை நான் வாயால் சொல்லவில்லை, இதை எழுதும் போலீஸ் கார்ப்பரல் செமி அவர்களே இசிரேலி என்று எழுதிக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டிருக்கும் உனாய்சி அவருடைய மனைவி. எனக்கு மதினி, ஆனால் வயதில் என்னைவிட இளையவள். எங்கள் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் வயதுக்கு வந்த பிறகு நேருக்கு நேர் பேசுவதில்லை, ஒருவரை ஒருவர் தொடுவதில்லை, ஏதாவது சொல்ல வேண்டுமானால் மூன்றாம் ஆள் மூலமாகத்தான் சொல்லுவோம். அதுபோல ஒருவருடைய தலையைத் தொடுவதும் தலைக்கு மேலே கை நீட்டுவதும் பெரிய தவறு. நீட்டாமல் முடியாது என்கிற இடத்தில் முதலில் 'துலோ' என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம், கேட்டவர் தலையை லேசாகத் தாழ்த்தி, அசையாமல் இடம் கொடுப்பார். இதெல்லாம் கார்ப்பரலுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோர்ட்டில் உட்காரும் நீதிபதி வேறு தேசத்திலிருந்து வந்தவர் என்று கேள்விப்பட்டதால் எழுதச் சொன்னேன்.

கடந்த மழைக்காலத்தில் பஸ் நிலையத்தில் வைத்து, எங்களோடு மீன் விற்கும் கெலேரா என்ற வயதான அம்மாளின் கைப்பையை ஒருவன் பறித்துக்கொண்டு, அவரைக் கீழே தள்ளிவிட்டு ஓடினான். அதன் பிறகு சந்தைப் பெண்கள் சிலர் சேர்ந்து, டவுனில் கராத்தே சொல்லித் தரும் சுபாஷ்னி கவுண்டர் என்பவரைப் போய்ப் பார்த்தோம். அவரை நாங்கள் மிஸ் என்போம். அவர் எங்கள் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் சந்தை முடிந்ததும் சபை மண்டபத்துக்கு வரச் சொன்னார். உனாய்சி வருவதற்கு என் அண்ணனின் அனுமதி வேண்டியிருந்தது. நான் அவருடைய மச்சான் பெனி மூலமாகக் கேட்டு அனுப்பினேன், 'கிழவிகளோட சேர்ந்து குதிக்கட்டும்' என்று பதில் வந்தது.

முதலில் நிற்கச் சொல்லிக் கொடுத்தார். காலை அகற்றி, முழங்காலைத் தளர்த்தி நிற்க வேண்டும். கிழங்கு மூட்டை தூக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று மிஸ்ஸே சொன்னார். அதன் பிறகு சத்தம் போடச் சொல்லிக் கொடுத்தார். யார் மேலே கை வைத்தாலும் அடிவயிற்றிலிருந்து 'விடு!' என்று கத்த வேண்டும். நான் போட்ட 'விடு'வைக் கேட்டு அடுத்த கட்டடத்துத் தையல்காரர் ஊசியோடு வெளியே ஓடி வந்தார். அதன் பிறகு மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வது. பிடித்தவனின் நாலு விரலும் ஒரு கட்சி, கட்டைவிரல் மட்டும் தனி ஆள், அந்தப் பக்கமாகத் திருப்பி இழு என்றார். அதற்கும் பிறகுதான் அடி. உள்ளங்கையின் அடிப்பாகத்தால், எதிராளியின் தாடையைக் கீழிருந்து மேலே தள்ளுகிற ஒரே ஓர் அடி. கழுத்தைப் பிடித்தால் மட்டும்தான் அது, மற்றதற்கெல்லாம் ஓடிவிடுங்கள் என்று மிஸ் பல முறை சொன்னார். மிஸ் எங்களுக்கு ஆளை அடிக்கக் கற்றுக் கொடுத்தார் என்று ஊரில் பேசுவது பொய்.

அந்த அடியில்தான் தகராறு வந்தது. எங்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஒருத்தி தாடைக்கு முன்னால் மெத்தையைப் பிடிக்க, மற்றவள் அடிக்க வேண்டும். அத்தனை பெண்களும் கையை உயர்த்துவதற்கு முன்னால் 'துலோ' என்றார்கள். மெத்தை பிடித்தவர்களும் தலையைத் தாழ்த்தி அசையாமல் நின்றார்கள். மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? அடிக்கப் போறேன்னு தபால் போட்டுட்டுத்தான் அடிப்பீங்களா? அடி வாங்குறவளும் வாகா நீட்டிக் குடுக்குறா! திருடன் என்ன, உங்க பாதிரியாரா?"

"மிஸ், நாங்க மரியாதையான ரவுடிங்க," என்றார் கெலேரா.

மண்டபமே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். அதன் பிறகு, துலோ சொன்னால் ஒரு துலோவுக்குப் பத்துத் தண்டால் என்று தண்டனை வைத்தார். நாளடைவில் எல்லோரும் அந்த வார்த்தையை விட்டுவிட்டு 'விடு!' என்று கத்திக்கொண்டே அடிக்கப் பழகிக்கொண்டோம். உனாய்சியால் மட்டும் முடியவில்லை. அவள் ஊர்த் தலைவர் வீட்டுச் சமையலறையில் வளர்ந்தவள், நாக்கு தானாகச் சொல்லிவிடும். வாரா வாரம் தண்டால் எடுத்து எடுத்து எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் தோள் பலம் வந்தது. எங்களில் நாத்தனாரும் மதினியும் ஒருவரை ஒருவர் கேலி செய்யாவிட்டால்தான் சண்டை என்று ஊர் நினைக்கும், ஆகவே நானும் விடவில்லை.

"ஏய் மதினி, உன் மரியாதையே உன்னைப் பயில்வானாக்கிருச்சுடி," என்றேன்.

"உனக்கென்ன நாத்தி, நீ மாடு மாதிரி கத்துற. உன்னைப் பிடிக்க எவன் வரப் போறான்?" என்றாள்.

என் அண்ணனைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். உழைப்பாளி. இளவயதில் மாவட்ட ரக்பி அணியில் ஆடியவர், இன்றும் அந்தச் சட்டையைத்தான் சனிக்கிழமைகளில் போட்டுக்கொள்வார். என் கணவர் இறந்தபோது எனக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் அவர். கட்டி முடிக்கும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கதவு எந்தப் பக்கம் வேண்டும் என்பதைக்கூடப் பெனியை விட்டுத்தான் கேட்டார். அவர் மனைவியை அடித்ததும் உண்மை. அவருக்கு யங்கோனா வேர்ப் பானம் தலைக்கு ஏறுவதில்லை, அவமானம்தான் ஏறும். இரண்டு முறை உனாய்சி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு முறையும் எங்கள் பெரியவர்கள் திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய தகப்பன் முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்டார்கள், அவரும் பல்லை வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பி அனுப்பினார். காணிக்கைப் பாய்க்கட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போன பெண்களில் நானும் ஒருத்தி.

சம்பவம் நடந்த சனிக்கிழமை மதியம் சந்தையிலிருந்து நானும் உனாய்சியும் ஒரே கேரியர் வண்டியில் வந்து இறங்கினோம். என் அண்ணன் தம் வீட்டுக்குப் பக்கத்தில் ஈரப்பலா மரத்தடியில் பாய் விரித்து, பெனியோடும் இன்னும் இரண்டு உறவினர்களோடும் யங்கோனா கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். உனாய்சி கத்தியும் கையுமாக மீன் கழுவ வெளிக்குழாய்க்குப் போனாள். நான் என் சமையல் கொட்டகை வாசலில் உட்கார்ந்து மரவள்ளி சீவத் தொடங்கினேன். கொட்டகையிலிருந்து அவர்கள் இருந்த இடம் நன்றாகத் தெரியும், நடுவில் மறைப்பு ஒன்றும் கிடையாது. பேசியதும் காதில் விழுந்தது.

பெனி என் அண்ணனுக்கு மச்சான் முறை, எதையும் கேலியாகச் சொல்ல உரிமை உள்ளவர். அவர்தான் தொடங்கினார்.

"மச்சான், உம் பொண்டாட்டி கராத்தே கத்துக்கிட்டாளாமே? இனிமே நீ ரக்பி சட்டையோட ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டுத்தான் சோத்துக்கு உக்காரணும்."

என் அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புதான். "ஏய், இங்க வா. நான் கையைப் பிடிக்கிறேன், விடுவிச்சுக்காட்டு," என்று கூப்பிட்டார். உனாய்சி மீன் கழுவ வேண்டும் என்றாள். அவர் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டி வந்தார். அவள் சுற்றி எல்லோரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அதன் பிறகு கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுத்தாள், கை வெளியே வந்துவிட்டது. ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் இரண்டு கையாலும் பிடித்தார். அவள் மறுபடி விடுவித்துக்கொண்டாள். பெனி, யங்கோனா குடித்து முடித்தால் தட்டுவது போலக் கைகளைக் குவித்துத் தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அப்போது என் அண்ணன் சிரிப்பதை நிறுத்தியதை நான் கவனித்தேன். மற்றவர்கள் கவனிக்கவில்லை.

அதன் பிறகு அவர் வலது கையால் அவள் கழுத்தைப் பிடித்து, பின்னால் தள்ளிக்கொண்டே போய்த் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மேடை வரைக்கும் கொண்டு போனார். "இதை விடுவி பாப்போம்," என்றார். அங்கே இருவரும் ஒரு சுற்றுத் திரும்பினார்கள், மேடை அவர் முதுகுப் பக்கம் வந்தது. உனாய்சியின் குதிகால் தரையில் படவில்லை. அவள் கையிலிருந்த மீன் கத்தி கீழே விழுந்தது. விழவில்லை, அவளே கீழே போட்டாள், அதை நான் பார்த்தேன். அவள் முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் எழுந்து நின்றேன். மண்டபத்தில் அத்தனை பேரிலும் உரக்க 'விடு!' என்று கத்துகிறவள் நான்தான். அந்த வார்த்தை என் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அது அண்ணனைப் பார்த்து நேராகச் சொல்லும் வார்த்தை. சிறுமியாக இருந்த காலத்துக்குப் பிறகு நான் அவரிடம் ஒரு வார்த்தையும் நேராகச் சொன்னதில்லை. நான் பெனியைப் பார்த்துக் கத்தினேன். "பெனி, அவர்கிட்ட சொல்லு! விடச் சொல்லி அவர்கிட்ட சொல்லு!" என்று கத்தினேன். பெனி கேலியென்று நினைத்து, "தோரிகா, நீ வேணா போய்க் கராத்தே போடு," என்றபடி குனிந்து சிரட்டையில் யங்கோனா மொண்டார். மற்ற இருவரும் அவர் சொன்னதற்குச் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அண்ணனையும் உனாய்சியையும் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான்.

அப்போது உனாய்சி கண்களை இறுக மூடிக்கொண்டு, பாதிக் குரலில் 'துலோ' என்றாள். அதன் பிறகு அவள் உள்ளங்கை கீழிருந்து வந்து தாடையில் பட்டது. அவர் மல்லாந்து விழுந்தார், பின்தலை சிமெண்ட் மேடையின் விளிம்பில் மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். உனாய்சி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மண்டியிட்டு, துலோ துலோ என்று சொல்லிக்கொண்டே அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவையாக அவர் தலையைத் தொட்டிருப்பாள். பெனி கேரியர் பிடித்து வந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், அங்கிருந்து தலைநகர் சுவாவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என் அண்ணன் கண்களைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார். யாரையும் தெரியவில்லை, பேச்சில்லை. நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இனி அவரோடு பேசினால்தான் யாருக்கு என்ன, ஆனாலும் உள்ளே போய்ப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு உனாய்சியின் தகப்பனும் அவர்கள் ஊர்ப் பெரியவர்களும் திமிங்கலப் பல்லோடு எங்கள் ஊருக்கு வந்து, வெயிலில் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். எங்கள் குடும்பத் தலைவரான பெரியப்பா வாங்க மறுத்துவிட்டார். "கை ஒடிஞ்சிருந்தா வாங்கியிருப்பேன். இது தலை," என்றார். எங்கள் பல்லை அவர்கள் இரண்டு முறை வாங்கினார்களே என்று கேட்க நினைத்தேன், ஆனால் அந்தச் சபையில் பெண்கள் பேச இடமில்லை. அன்று மாலை பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "அவ கராத்தே கத்துக்கிட்டதே இதுக்குத்தான்னு போலீஸ்ல சொல்லு. கூடப் பிறந்தவ நீ," என்றார். அது பொய், நான் சொல்ல மாட்டேன். மறுநாள் சந்தைக்கு மிஸ் வந்தார். "தோரிகா, கழுத்துல கை இறுக்கமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

உனாய்சியை லாக்கப்பில் பார்க்க நான் சாப்பாடு கொண்டு போனேன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இப்போது என் வீட்டில்தான் இருக்கின்றன. சின்னவள் அம்மா எப்போது வருவாள் என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறாள். உனாய்சி சாப்பாட்டைத் தொடவில்லை.

"நாத்தி, நான் கண்ணை மூடிக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியல. அவர் விட்டாரா? விட்டிருப்பாரோன்னு ராத்திரியெல்லாம் தோணுது," என்று கேட்டாள்.

"சாப்பிடு மதினி," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது கார்ப்பரல் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி: அடி விழுந்தபோது காயம்பட்டவரின் கை கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்ததா, தளர்ந்துவிட்டதா? கார்ப்பரல் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். அதன் பிறகு சொன்ன பதில்:

தளர்ந்துவிட்டது. 'துலோ' என்ற சொல் அவர் காதில் விழுந்ததும், அத்தனை ஆத்திரத்திலும், என் அண்ணனின் விரல்கள் திறந்துகொண்டன. உனாய்சியின் குதிகால் தரையைத் தொட்டது. அவர் தலையை லேசாகத் தாழ்த்தி அசையாமல் நின்றார். எங்கள் அம்மா எங்கள் இருவருக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தாள். அதனால்தான் அடி முழுதாகப் பட்டது. அசைந்திருந்தால் தோளிலோ காற்றிலோ போயிருக்கும். அதற்குள் அவள் கை புறப்பட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. பிடி விட்டது தெரிந்திருந்தால் அவள் அடித்திருக்க மாட்டாள். அவள் சொல்லாமல் அடித்திருந்தால் குற்றமில்லை. சொல்லிவிட்டு அடித்ததால் குற்றம். இதில் யாரை நோவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவள் வீட்டுக்கு வந்திருக்கக் கூடும். அது எனக்குத் தெரியும், சின்னவள் முகம் கண் முன்னால் நிற்கத்தான் சொன்னேன். என் அண்ணன் மனைவியிடம் கடைசியாக நடந்துகொண்ட ஒரே நல்ல நடத்தை அது. அவர் இனிமேல் தம் வாயால் அதைச் சொல்லப் போவதில்லை. நானும் அதை அழித்துவிட்டால் அவர் வெறும் கழுத்தைப் பிடித்தவராகவே போய்விடுவார். அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேச முடியாத நான், அவருக்காகப் பேசுகிற ஒரு வார்த்தை இதுதான், அதுவும் உனாய்சியின் தலையில் போய் விழுகிறது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. கோர்ட்டில் படிக்கும்போதுதான் அவள் முதலில் கேட்பாள்.

மேற்படி வாக்குமூலத்தைக் கார்ப்பரல் செமி எனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடப் பேனா வேண்டியிருந்தது, பேனா அவருக்குப் பின்னால் அலமாரித் தட்டில் இருந்தது. நான் எழுந்து, 'துலோ' என்று சொல்லி, அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டினேன். எழுதிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, அசையாமல் இருந்தார். நான் பேனாவை எடுக்காமல் கையை அப்படியே வைத்திருந்தேன். அவர் நிமிரவில்லை. என்னவென்று அவருக்குப் புரிந்தபோது அவர் முகம் மாறிவிட்டது. இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதினார்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. குறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

(ஒப்பம்) தோரிகா நம்போ

என் முன்னிலையில் எழுதி, படித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) செமி, கார்ப்பரல்